அட்டையோடு வரும் காப்புறுதி அம்மாவுக்கும் சேருமா?

கேள்வி: பாரிசில் இருக்கும் என் அக்காவின் மகளுக்குக் கலியாணம். நான், கணவர், பதினாறு வயது மகன், என் அம்மா, நாலு பேரும் போகிறோம். அம்மாவுக்கு 71 வயது. சலரோகமும் பிரஷரும் கனகாலமாக இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். மொத்தம் 30 நாள். அதில் நாலு நாள் லண்டனில் என் தம்பி வீட்டில் நின்றுவிட்டுத் திரும்பவும் பாரிஸ் வந்துதான் விமானம் ஏறுகிறோம். கணவருக்கு லீவு இல்லாததால் கலியாணம் முடிந்த கையோடு, இரண்டு கிழமையில் கொழும்புக்குத் திரும்பிவிடுவார். எங்கள் மூவரின் டிக்கெட்டையும் கணவரின் கடனட்டையில் எடுத்தோம். அம்மாவின் டிக்கெட்டை அக்கா பாரிசிலிருந்து எடுத்து அனுப்பினார். அட்டைக்கு 500,000 அமெரிக்க டொலர் வரை இலவசப் பயணக் காப்புறுதி உண்டென்று வங்கியின் துண்டுப்பிரசுரத்தில் இருக்கிறது. பிறகேன் தனியாகக் காசு கட்டுவான் என்று கணவர் கேட்கிறார். டிக்கெட் போட்ட இடத்திலோ, தனியாக எடுக்கத்தான் வேணும், ஆனால் ஸ்டென்ட் வைத்ததைப் படிவத்தில் எழுத வேண்டாம், எழுதினால் தரமாட்டார்கள் என்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?

வாசகி, வெள்ளவத்தை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அம்மாவுக்கு அட்டையை நம்ப வேண்டாம். அவருக்குத் தனியாகப் பயணக் காப்புறுதி எடுங்கள். படிவத்தில் சலரோகம், பிரஷர், ஸ்டென்ட் மூன்றையும் எழுதுங்கள். உங்களுக்கும் மகனுக்கும் தனியாக எடுப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம். கணவருக்கு மட்டும், வங்கி உரிய கடிதத்தைத் தந்தால், அட்டை போதும். நாலு பேருக்கும் ஒரே முடிவுதான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அப்படி ஒரு முடிவைத் தேடுவதால்தான் வீட்டில் பேச்சு முடியாமல் நீளுகிறது என்று நினைக்கிறேன். ஒவ்வொருவரின் வயது, வருத்தம், டிக்கெட் எடுத்த விதம், எத்தனை நாள் யாரோடு நிற்பது எல்லாம் வேறு வேறு. காப்புறுதி அந்த விபரங்களைத்தான் பார்க்கும்.

முதலில் அந்த ஐந்து இலட்சம் டொலரைப் பார்ப்போம். கடனட்டைத் துண்டுப்பிரசுரங்களில் பெரிய எழுத்தில் வரும் தொகை அநேகமாக ஒரு விஷயத்துக்கு உரியது: விமானம் போன்ற பொதுப் போக்குவரத்தில் பயணம் செய்யும்போது விபத்து நடந்து ஒருவர் இறந்தால், அல்லது நிரந்தர அங்கவீனம் அடைந்தால் கிடைக்கும் தொகை அது. பாரிசில் குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தால், நடுச்சாமத்தில் நெஞ்சு நொந்தால், காய்ச்சல் நிமோனியாவில் போய் முடிந்தால் அந்தத் தொகையிலிருந்து ஒரு சதமும் வராது. அதற்கெல்லாம் “அவசர மருத்துவச் செலவு” என்ற வேறொரு வரி இருக்கும். அந்த வரி சில அட்டைகளில் நல்ல தொகையோடு இருக்கும், சிலவற்றில் மிகச் சிறிய தொகையோடு இருக்கும், சிலவற்றில் இல்லவே இல்லை. எழுபது வயதைத் தாண்டிய ஒருவரை வெளிநாடு கூட்டிப் போகிறபோது விமான விபத்தைவிட வைத்தியசாலைக் கட்டிலைப் பற்றித்தான் நாம் யோசிக்க வேண்டும். ஆகவே துண்டுப்பிரசுரத்தைத் திரும்ப எடுத்து அந்த ஒரு வரியைத் தேடுங்கள்.

அடுத்தது, அட்டைக் காப்புறுதி எப்படி நடக்கிறது என்பதை உங்கள் கணவர் தெரிந்துகொண்டால் நல்லது. வங்கி ஒரு காப்புறுதிக் கம்பனியோடு கூட்டு ஒப்பந்தம் ஒன்று செய்கிறது. ஒப்பந்தக்காரர் வங்கி. அட்டைக்காரர் அதில் நன்மை பெறுபவர் மட்டுமே. அதனால் நிபந்தனைகளை அவர் பேசி மாற்ற முடியாது. வங்கி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது தொகை குறையலாம், கம்பனியே மாறலாம். உங்கள் மேசை இலாச்சியில் இருக்கும் பிரசுரம் பழையதாகவே இருக்கும். அதோடு, கிட்டத்தட்ட எல்லா அட்டைகளிலும் ஒரு நிபந்தனை வரும்: பயண டிக்கெட்டின் முழுப் பணமும் அந்த அட்டையில் கட்டப்பட்டிருக்க வேண்டும். அம்மாவின் டிக்கெட் பாரிசில் எடுத்தது. அந்த ஒரு காரணமே அவரை உங்கள் கணவரின் அட்டைக்கு வெளியே நிறுத்திவிடுகிறது.

டிக்கெட்டை அட்டையிலேயே எடுத்திருந்தாலும் அம்மா உள்ளே வந்திருப்பார் என்று சொல்ல முடியாது. அட்டைக் காப்புறுதியில் “குடும்பம்” என்றால் வழக்கமாக அட்டைக்காரர், கணவன் அல்லது மனைவி, தங்கிவாழும் பிள்ளைகள். பெற்றோரும் மாமன் மாமியும் எங்கள் வீடுகளில் குடும்பம்தான், ஆனால் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருக்கமாட்டார்கள். அதற்கு மேல் வயதெல்லை வேறு உண்டு. 65 அல்லது 70 என்று பல இடங்களில் கோடு போட்டிருக்கும். ஏற்கெனவே இருக்கும் நோய்களை முற்றாக விலக்கியும் இருக்கும். உங்கள் அம்மா இந்தக் கோடுகள் எல்லாவற்றுக்கும் அப்பால் நிற்கிறார்.

உங்களுக்கும் மகனுக்கும் இருக்கும் சிக்கல் வேறு. டிக்கெட் கணவரின் அட்டையில்தான் எடுக்கப்பட்டது, சரி. ஆனால் அவர் இரண்டு கிழமையில் திரும்புகிறார். பல ஒப்பந்தங்களில் மனைவி பிள்ளைகளுக்கான பாதுகாப்பு, அட்டைக்காரரோடு சேர்ந்து பயணம் செய்யும்போது மட்டும் என்று எழுதியிருக்கும். அப்படியானால் அவர் கட்டுநாயக்காவில் வந்து இறங்கிய பிறகு, நீங்கள் அங்கே நிற்கும் மிச்ச இரண்டு கிழமையும் உங்களுக்கும் மகனுக்கும் ஒன்றும் இருக்காது. லண்டன் போவதும் அந்த நாட்களில்தான் என்று உங்கள் கடிதத்திலிருந்து விளங்கிக்கொள்கிறேன். உங்கள் கணவரின் அட்டையில் அந்த வரி இல்லாமலும் இருக்கலாம். அதனால்தான் வங்கியிடம் எழுத்தில் கேட்கச் சொல்கிறேன். வாடிக்கையாளர் சேவை இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்து “ஓம், காப்புறுதி இருக்கிறது” என்று ஒருவர் சொல்வது உங்களுக்கு எந்த உதவியும் செய்யாது. மின்னஞ்சலில் கேளுங்கள்: காப்புறுதி தரும் கம்பனி எது, ஒப்பந்தத்தின் முழு நிபந்தனைகளையும் அனுப்ப முடியுமா, மனைவியும் மகனும் கணவர் இல்லாத நாட்களில் உள்ளடங்குவார்களா, ஒரு பயணம் ஆகக் கூடியது எத்தனை நாள், அவசர மருத்துவச் செலவு எவ்வளவு, அதில் முதலில் நாங்கள் கையிலிருந்து கட்டவேண்டிய தொகை எவ்வளவு, பயணத்துக்கு முன் நாங்கள் எங்காவது பதிவு செய்ய வேண்டுமா. இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். சில அட்டைகளில் முன்கூட்டியே பதிவு செய்து சான்றிதழ் எடுத்தால்தான் காப்புறுதி தொடங்கும். டிக்கெட்டில் ஒரு பங்கை வெகுமதிப் புள்ளிகளால் கட்டியிருந்தால் அதையும் சொல்லிக் கேளுங்கள்.

இனி விசா. பிரான்சுக்கு நீங்கள் எடுப்பது, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு விசா விதிக்கோவையின் 15ஆம் உறுப்புரை, விண்ணப்பிக்கிறவருக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்குப் பயண மருத்துவக் காப்புறுதி இருக்க வேண்டும் என்கிறது. அவசர சிகிச்சை, அவசர வைத்தியசாலை அனுமதி, மருத்துவக் காரணத்தால் நாட்டுக்குத் திருப்பி அனுப்புவது, மரணம் நேர்ந்தால் அதற்கான செலவு எல்லாம் அதில் அடங்க வேண்டும். ஷெங்கன் பிரதேசம் முழுவதற்கும், நீங்கள் அங்கே நிற்கும் எல்லா நாட்களுக்கும் அது செல்லுபடியாக வேண்டும். 30,000 யூரோ எங்கள் ரூபாவில் ஒரு கோடியை ஒட்டி வரும். விசா அதிகாரிக்குக் கடனட்டையின் நிறமும் பிரசுரமும் தேவையில்லை. ஒவ்வொருவரின் பெயரும் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க, திகதிகளும் தொகையும் ஷெங்கன் நாடுகளும் குறிப்பிடப்பட்ட கடிதம் வேண்டும். சில உயர்தர அட்டைகளுக்கு அப்படியான கடிதம் கிடைக்கிறது. கணவருக்குக் கிடைத்தால் அவர் தாராளமாக அதைப் பாவிக்கலாம்: டிக்கெட் அவருடைய அட்டையில் எடுத்தது, நாட்கள் குறைவு, நோய் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. அவருக்கும் பிரஷர் குளிசை ஏதும் ஓடுகிறதென்றால் அம்மாவுக்குச் சொல்வது அவருக்கும் பொருந்தும்.

இங்கே ஒன்றை நினைவில் வையுங்கள். 30,000 யூரோ என்பது விசா கிடைப்பதற்கான அடிமட்டம். இருதய வருத்தம் உள்ள ஒருவருக்கு அது போதுமான தொகை என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் நாட்கள் கூடினால் அது கரைந்துவிடும். அம்மாவுக்கு எடுக்கும்போது கட்டுப்பணத்தில் கொஞ்சம் கூடினாலும் அதற்கு அடுத்த படியில் உள்ள திட்டத்தைக் கேளுங்கள்.

லண்டன் ஷெங்கனுக்குள் இல்லை. அதற்கு வேறு விசா எடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். திரும்பப் பாரிசுக்கு வருவதால் பிரெஞ்சு விசாவும் ஒரு தடவைக்கு மேல் நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும், விண்ணப்பத்திலேயே அதைக் கேளுங்கள். பிரித்தானிய விசாவுக்குக் காப்புறுதி கேட்கமாட்டார்கள். கேட்காததால் தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே அவசர சிகிச்சைப் பிரிவில் பார்ப்பதற்குக் காசு இல்லை என்பது உண்மை. ஆனால் உள்ளே அனுமதித்த நிமிடத்திலிருந்து கணக்கு ஓடும். இங்கிலாந்தில் வெளிநாட்டுப் பார்வையாளரிடம் தேசிய சுகாதார சேவையின் வழக்கமான கட்டணத்தின் 150 சதவீதத்தை அறவிடுகிறார்கள். 500 பவுண் அல்லது அதற்கு மேல் கட்டாமல் வந்தால் அடுத்த முறை விசா மறுக்கப்படவும் அது காரணமாகலாம். ஆகவே “ஷெங்கன் மட்டும்” என்ற திட்டத்தை எடுக்க வேண்டாம். “அமெரிக்கா, கனடா தவிர்ந்த உலகம்” என்று பெரும்பாலான கம்பனிகளிடம் ஒரு பிரிவு இருக்கும். அது லண்டனையும் சேர்க்கும், வழியில் விமானம் மாறும் டோஹாவையோ துபாயையோ கூடச் சேர்க்கும். சான்றிதழில் ஷெங்கன் நாடுகள் என்ற சொல் தனியாக வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள், விசாவுக்கு அது வேண்டும்.

இப்போது அம்மாவின் படிவம். இதைப் பற்றித்தான் எனக்குக் கூடச் சொல்ல இருக்கிறது. இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பார்க்கும் வேலையில் இருந்தவன் நான். என் மேசைக்கு வந்து மறுக்கப்பட்ட முதியவர்களின் கோரிக்கைகளில், நோயே காரணமாக மறுக்கப்பட்டவை ஒரு பக்கம். நோயை மறைத்ததால் மறுக்கப்பட்டவை இன்னொரு பக்கம். இரண்டாவது வகைதான் என் மனதை அதிகம் வருத்தியது. முதல் வகையில் குடும்பத்துக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது என்று முன்பே தெரிந்திருந்தது. இரண்டாவது வகையில், பிள்ளைகள் காப்புறுதி இருக்கிறது என்று நம்பி வெளிநாட்டு வைத்தியசாலையில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

மறைத்தது எப்படித் தெரியவரும் என்று கேட்பீர்கள். வைத்தியசாலையில் முதலில் கேட்பதே “முன்பு என்ன வருத்தம், என்ன மருந்து எடுக்கிறீர்கள்” என்பதைத்தான். உயிர் போகிற நேரத்தில் யாரும் பொய் சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது. அம்மா மெற்போமினும் அஸ்பிரினும் எடுக்கிறார், இருதயத்தில் ஸ்டென்ட் இருக்கிறது என்று நீங்களே சொல்வீர்கள். அது அப்படியே வைத்திய அறிக்கையில் ஏறும். அந்த அறிக்கையைத்தான் கம்பனி கேட்கும். பிறகு கொழும்பில் அம்மா காட்டும் வைத்தியரின் கடிதத்தையும் கிளினிக் கொப்பியையும் கேட்கும். காப்புறுதி ஒப்பந்தம் முழு நம்பிக்கையின் பேரில் செய்யப்படுவது. முக்கியமான விபரம் ஒன்றை மறைத்தால் கம்பனி முழு ஒப்பந்தத்தையும் செல்லாது என்று சொல்ல இடமுண்டு. அப்போது நெஞ்சுவலிக்குக் கிடைக்காதது மட்டுமில்லாமல், ஸ்டென்டோடு ஒரு சம்பந்தமும் இல்லாத கால் முறிவுக்கும் கேள்வி எழும். கொட்டாஞ்சேனைக் குடும்பம் ஒன்றின் கோரிக்கை எனக்கு நினைவிருக்கிறது. தாயாருக்கு வந்தது நெஞ்சில் சளி கட்டிய சாதாரணத் தொற்று. படிவத்தில் “நோய் எதுவும் இல்லை” என்று முகவர் எழுதியிருந்தார், தாயார் தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தார். வைத்தியசாலை அறிக்கையின் முதல் வரியில் நீண்டகாலச் சலரோகம் என்று இருந்தது. உள்ளதை எழுதியிருந்தால் அந்தத் தொற்றுக்குக் காசு கிடைத்திருக்க வாய்ப்பு இருந்தது.

டிக்கெட் போட்ட இடத்தில் எழுத வேண்டாம் என்று சொன்னவர் நாளை உங்களோடு நிற்கமாட்டார். படிவத்தில் இருப்பது அம்மாவின் கையெழுத்து. வேறு யாராவது நிரப்பினாலும், கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு கேள்வியையும் அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள், அவர் சொல்கிற பதிலை அப்படியே எழுதுங்கள், நிரப்பிய படிவத்தின் பிரதி ஒன்றை வாங்கி வையுங்கள்.

உண்மையை எழுதினால் தரமாட்டார்களா? சில கம்பனிகள் தராது. சில, இருதய நிபுணரின் அண்மைய கடிதம் கேட்டுவிட்டுத் தரும். பல கம்பனிகள் காப்புறுதியைத் தரும், ஆனால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு இல்லை என்று விலக்கும். அப்படி விலக்கினாலும் விழுந்து எலும்பு முறிவது, காய்ச்சல், தொற்று, விபத்து எல்லாம் உள்ளேதான் இருக்கும். வேறு சில திட்டங்களில், ஏற்கெனவே உள்ள நோயால் உயிராபத்து ஏற்பட்டால் ஆபத்தைக் கடக்கும் வரையான சிகிச்சைக்கு மட்டும் ஒரு தனி எல்லைத் தொகை வைத்திருப்பார்கள். நீங்கள் தேட வேண்டியது அந்த வரியைத்தான். ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடம் போய்விட்டது, அதற்குப் பிறகு வைத்தியசாலையில் அனுமதிக்கவில்லை, மருந்தும் அண்மையில் மாறவில்லை என்றால் நிபுணரிடம் அதை எழுதிய கடிதம் ஒன்று வாங்குங்கள். நோய் கட்டுப்பாட்டில் இருக்கிறது, விமானப் பயணம் செய்யலாம் என்று அதில் இருக்க வேண்டும். அந்தக் கடிதத்தோடு இரண்டு மூன்று கம்பனிகளிடம் விலை கேளுங்கள். ஒரே நாளில் முடியாவிட்டாலும் இந்த அலைச்சல் வீண்போகாது. முகவர்களைவிட, பல கம்பனிகளின் திட்டங்களையும் எடுத்துத் தரக்கூடிய காப்புறுதித் தரகர் ஒருவர் இப்படியான இடத்தில் அதிகம் உதவுவார். பதிவுபெற்ற கம்பனிகளும் தரகர்களும் யார் என்பதை இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு வெளியிடுகிறது.

கொழும்பில் எதுவும் சரிவராவிட்டால் அக்காவிடம் சொல்லுங்கள். விசா விதிக்கோவை, காப்புறுதியைப் பொதுவாக வசிக்கும் நாட்டில் எடுக்கச் சொல்கிறது. அது முடியாதபோது வேறு நாட்டில் எடுக்கலாம், விண்ணப்பிக்கிறவரின் பெயரில் இன்னொருவர் எடுத்துக் கொடுக்கவும் இடமுண்டு. பிரான்சில் உறவினரைக் கூப்பிடும் குடும்பங்கள் அங்கேயே பார்வையாளர் காப்புறுதி எடுத்து அனுப்புவது வழக்கத்தில் உள்ளதுதான். அங்கே எடுத்தால் வைத்தியசாலையோடு பிரெஞ்சில் பேசி முடிப்பதும் அக்காவுக்கு இலகு. ஆனால் வயதும் நோயும் அங்கேயும் கேட்கப்படும். அங்கேயும் உண்மைதான் எழுத வேண்டும்.

உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். இலவசமாக ஒன்று இருக்க இன்னொன்றுக்குக் காசு கட்டுவது வீண் என்கிறார். ஒரு வைத்தியசாலைப் பில்லுக்கு இரண்டு இடத்தில் முழுக்காசு எடுக்க முடியாது என்ற அளவில் அவர் சொல்வது சரி. மருத்துவச் செலவுக் காப்புறுதி செலவழித்ததைத்தான் திருப்பித் தரும். விபத்து மரணம், அங்கவீனம் ஆகியவற்றுக்கான தொகை அப்படியில்லை, இரண்டு இடத்திலும் கேட்கலாம். ஆனால் தனிக் காப்புறுதியில் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் முக்கியமான பொருள் இன்னொன்று: வைத்தியசாலைக்கு நேரடியாகப் பணம் கட்டும் ஏற்பாடு. நல்ல திட்டங்களோடு 24 மணி நேரமும் இயங்கும் உதவி நிறுவனம் ஒன்று இருக்கும். அம்மாவை அனுமதித்ததும் நீங்கள் அழைத்தால் அவர்கள் வைத்தியசாலைக்கு உத்தரவாதக் கடிதம் அனுப்புவார்கள். அட்டைக் காப்புறுதிகள் பல, முதலில் நீங்கள் கட்டிவிட்டு வந்து பிறகு கொழும்பில் கேளுங்கள் என்ற முறையில்தான் இருக்கின்றன. முதலில் எதைக் கொண்டு கட்டுவது? ஐந்து இலட்சம் ரூபா எல்லை உள்ள கடனட்டை முழுவதும் வெறுமையாக இருந்தாலும் அது 1,700 யூரோ கூட வராது. 2022ஆம் ஆண்டு ரூபா ஒரு சில மாதங்களில் எப்படி விழுந்தது என்பதை நாம் எல்லோரும் கண்டோம். ரூபாவில் எல்லை போட்ட அட்டையை யூரோச் செலவுக்கு நம்பியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அம்மாவுக்குத் திட்டம் தேடும்போது விலைக்கு முன்பு “வைத்தியசாலைக்கு நேரே கட்டுவீர்களா” என்று கேளுங்கள். கட்டுப்பணம் பெரும்பாலும் அவருடைய டிக்கெட் விலையைவிடக் குறைவாகத்தான் வரும். கணவர் அதையும் கணக்கில் எடுக்கட்டும்.

பயணப் பொதி தொலைவது, விமானம் தாமதிப்பது போன்றவற்றுக்கு அட்டைக் காப்புறுதியே பெரும்பாலும் போதும், அதற்காகத் தனியே தேடி அலைய வேண்டாம். ஒன்றே ஒன்று: பொதி வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியேறுவதற்கு முன் விமான நிறுவனத்தின் மேசையில் முறைப்பாட்டு அறிக்கை எழுதி வாங்குங்கள். அது இல்லாமல் அட்டையும் தராது, தனிக் காப்புறுதியும் தராது. கலியாணத்துக்குக் கொண்டுபோகும் நகைகளைப் பெட்டியில் போட வேண்டாம். பணமும் நகையும் அநேகமாக எல்லாத் திட்டங்களிலும் விலக்கப்பட்டவை, அல்லது மிகச் சொற்ப தொகைக்கு உட்பட்டவை.

திகதிகளைப் போடும்போது கொழும்பில் ஏறும் நாளையும் திரும்பி இறங்கும் நாளையும் சேர்த்து எண்ணுங்கள். கடைசியில் இரண்டு மூன்று நாள் கூட்டிப் போடுங்கள், விமானம் பிந்தினால் அந்த நாள் வெறுமையாக நிற்கக் கூடாது. விசா மறுக்கப்பட்டால் கட்டுப்பணம் திரும்புமா, எவ்வளவு பிடிப்பார்கள் என்று வாங்கும்போதே கேளுங்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், பயணத்துக்குக் குறைந்தது 15 நாள் இருக்கும்போதே விண்ணப்பித்துவிட வேண்டும். இருதய நிபுணரின் கடிதத்துக்கும் நாள் பிடிக்கும். அதை முதலில் தொடங்குங்கள்.

அம்மாவின் வழக்கமான மருந்துகளுக்கு எந்தக் காப்புறுதியும் காசு தராது. 30 நாளுக்கும் அதற்கு மேல் ஒரு கிழமைக்கும் சேர்த்துக் கொண்டுபோங்கள். இன்சுலின் எடுக்கிறார் என்றால் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்கறையில் போகும் பெட்டியில் உறைந்து கெட்டுவிடக்கூடும். மருந்துகளின் பொதுப்பெயரோடு ஆங்கிலத்தில் வைத்தியர் கடிதம் ஒன்றும், ஸ்டென்ட் வைத்தபோது வைத்தியசாலை தந்த அட்டையும் அதே கைப்பையில் இருக்கட்டும்.

பிறகு ஏதும் பிணக்கு வந்தால், தனிக் காப்புறுதியென்றால் கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். பதில் திருப்தியில்லாவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம். அட்டைக் காப்புறுதியில் ஒப்பந்தக்காரர் வங்கி என்பதால் முதலில் வங்கியைத்தான் பிடிக்க வேண்டும். மின்னஞ்சலில் வந்த பதில்கள் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

உதவி நிறுவனத்தின் தொலைபேசி இலக்கத்தையும் காப்புறுதி இலக்கத்தையும் உங்கள் கைபேசியில் மட்டும் வைக்காமல் பாரிஸ் அக்காவுக்கும் லண்டன் தம்பிக்கும் இப்போதே அனுப்புங்கள். அம்மாவுக்கு நெஞ்சுவலி என்றால் பிரான்சில் முதல் அழைப்பு 15க்கு, லண்டனில் 999க்கு. அம்புலன்ஸ் வந்து அம்மாவை ஏற்றிய பிறகு, வழியிலேயே உதவி நிறுவனத்தை அழையுங்கள். பல திட்டங்களில் அனுமதித்து 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்று இருக்கும். நீங்கள் அம்மாவோடு உள்ளே நிற்கும்போது அந்த அழைப்பை எடுக்கப் போகிறவர் யார் என்று அக்காவோடும் தம்பியோடும் பேசி வையுங்கள்.